பதினாலாம் நாள்

ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வரும் என்று நர்சம்மா சுகிர்தம் சொல்லியிருந்தார். சொன்னபடியே வந்தது. வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் யுவராணி பாயைச் சுருட்டிக்கொண்டு திராட்சைப் பந்தலுக்கடியில் போய்ப் படுத்தாள். அனுமந்தன்பட்டியில் காய்ச்சல்காரர் படுக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. வெயில் இலைகளுக்கு நடுவே இறங்கி வரும்போது சூடெல்லாம் மேலேயே தங்கிவிடும், பச்சை மட்டும்தான் தரைக்கு வந்து சேரும். காற்றடித்தால் அந்தப் பச்சை மண்ணெல்லாம் அலையும். மாத்திரை மயக்கத்தில் அவளுக்கு அது கடலாகிவிட்டது.

கடலுக்கடியில் படுத்துக் கிடந்தாள். மூச்சு முட்டவில்லை. தலைக்கு மேலே கறுத்த குலைகள் மெல்ல மிதந்து போயின. தூரத்தில் வெள்ளைத் தொப்பி வைத்த ஒருவர் கையில் தட்டோடு தண்ணீருக்குள்ளேயே நடந்து வந்தார். அவள் புருஷன் கர்ணன்தான். பக்கத்தில் வந்து குனிந்து, "என்ன சாப்பிடுறீங்க மேடம்?" என்று கேட்டார். பகீரென்று விழித்துக்கொண்டாள். பந்தல் கம்பியில் ஓர் அணில் உட்கார்ந்து சாவகாசமாகப் பழம் தின்றுகொண்டிருந்தது.

அந்தக் கனவு வந்ததில் ஆச்சரியமில்லை. கர்ணன் கடல் நடுவே ஒரு தீவு நாட்டில், வெள்ளைக்காரர் வந்து தங்கும் விடுதியில் சமையல்காரர். அந்த நாட்டின் பெயர் யுவராணியின் நாக்கில் புரளாது. தீவு என்றே சொல்வாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் ஐந்து முறை லீவில் வந்திருக்கிறார். முறைக்கு முப்பது நாள். ஆக நூற்றைம்பது நாள் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஆனால் நூற்று நாற்பத்தொன்பதுதான். முதல் லீவில் அவர் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிப் போய்விட்டார். அவரோடு வந்த உத்தமபாளையத்துப் பாண்டியராஜன் மறுநாள்தான் போனான் என்பது பிறகு தெரிந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "அங்கன வேல கெடந்துச்சு" என்று மழுப்பிவிட்டார். புதுப்பெண்டாட்டியை விட்டு ஒரு நாள் முன்னாடியே ஓட அப்படி என்ன வேலை? அந்த ஒரு நாள் அவளுக்குப் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி இன்னும் உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்புறம் ஊர் உலகமெல்லாம் நோய் வந்தது. தீவில் வேலை செய்கிறவர்கள் வெளியே போனால் திரும்பி வருவதற்கு உத்தரவாதமில்லை என்றார்கள். கர்ணன் அங்கேயே தங்கிவிட்டார். இரண்டரை வருஷம் ஓடிப்போனது. போனில் பேச்சும் வரவரக் குறைந்து, சாப்பிட்டாயா, மழை உண்டா என்பதில் வந்து நின்றது. இவருக்கு நான் வேண்டுமா, இல்லை பழக்கத்துக்குத்தான் கூப்பிடுகிறாரா என்று பந்தலில் பழம் பறித்துக்கொண்டே அவள் யோசிப்பாள். யோசித்தபடி நல்ல குலையையும் சொத்தைக் கூடையில் போட்டுவிடுவாள்.

அரசாங்கங்களுக்கென்று தனிப் புத்தி உண்டு. வேலைக்காரனின் பெண்டாட்டி என்று சொல்லிப் போனால் அந்தத் தீவு உள்ளே விடாது. ஊர் சுற்ற வந்தேன் என்றால் வா வா என்னும். இரண்டு ஊசி போட்டிருக்க வேண்டும், இரண்டாவது ஊசி போட்டுப் பதினாலு நாள் ஆகியிருக்க வேண்டும், நோயில்லை என்று சோதனைச் சீட்டு வேண்டும், விடுதியில் அறை இருக்க வேண்டும். கர்ணனின் முதலாளி நல்ல மனுஷர். ஆளில்லாத மாதம்தானே, உன் சம்சாரம் விருந்தாளியாக வந்து நாலு ராத்திரி தங்கட்டும் என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் வைகை அணைக்குக் கூட்டிப்போனதைத் தவிர வேறு சுற்றுலா அறியாத யுவராணி, இப்படியாக உல்லாசப் பயணி ஆனாள்.

ஊசிக்கே ஒரு தகராறு நடந்திருந்தது. முதல் ஊசிக்கும் இரண்டாவதற்கும் எண்பத்து நாலு நாள் இடைவெளி என்றார்கள். அவள் காலண்டரில் விரல் வைத்து எண்ணி, எண்பத்து நாலாம் நாளான செவ்வாய்க்கிழமை காலையிலேயே முகாமில் போய் உட்கார்ந்தாள். சுகிர்தம் போனைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு நாள் இருக்கும்மா, நாளைக்கு வா" என்றார். யுவராணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எண்ணத் தெரியாத போனை வைத்துக்கொண்டு ஊரை ஏய்க்கிறார்கள் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்து, கர்ணனுக்குப் போன் போட்டும் கொட்டித் தீர்த்தாள். அவர் அன்று வழக்கத்துக்கு மாறாக வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் புதன்கிழமை ஊசி போட்டாகிவிட்டது.

காய்ச்சல் விட்டதும் அவள் எண்ணத் தொடங்கினாள். ஊசி போட்ட புதன் ஒன்று, வியாழன் இரண்டு. வருகிற செவ்வாய் ஏழு, அதற்கடுத்த செவ்வாய் பதினாலு.

"மாமா, வர்ற செவ்வா இல்ல, அதுக்கடுத்த செவ்வாக்கெழம பதினாலாம் நாளு. அன்னைக்கே டிக்கெட்டு போட்டுருங்க" என்றாள்.

"சரி புள்ள. டிக்கெட்ட தேனியில ஜேசுராஜ் அண்ணாச்சி கடைக்கு அனுப்புறேன். அங்கன போயி வாங்கிக்க" என்றார். சிக்னல் போய்விட்டது.

அதற்குப் பின் வந்த நாட்கள் தரையில் கால் படாமல் போயின. பழம் பறிக்கும்போது கூடையில் உப்புத் தண்ணீர் வாசம் அடித்தது. தறிகெட்டு அடிக்கும் கம்பம் பள்ளத்தாக்குக் காற்று அவளுக்கு மட்டும் அலைச்சத்தமாகக் கேட்டது. கனவில் கர்ணன் தினமும் தட்டோடு வந்தார், தினமும் மேடம் என்றார். அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடம் வரைக்கும் கனவு ஒருநாளும் நீளவில்லை.

திங்கட்கிழமை காலையில் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத் தேனிக்கு பஸ் ஏறினாள். செவ்வாய் விடியலில் திருவனந்தபுரத்தில் விமானம் ஏற வேண்டும், அதற்குத் திங்கள் மாலையே குமுளி வழியாகக் கிளம்பிவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. கடைவீதியில் ஜேசுராஜின் டிராவல்ஸ் கடை குறுகலானது, உள்ளே ஃபேன் சத்தம் அதிகம். ஐம்பது வயதுக்காரர், வாய் ஓயாதவர். சோதனைச் சீட்டு முந்தின நாளே வந்திருந்தது. டிக்கெட்டைப் பிரிண்ட் எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இந்தா தங்கச்சி. புதன்கெழம காலையில பிளைட்டு. நாளைக்குச் சாயங்காலம் பொறப்பட்டாப் போதும்."

"செவ்வாக்கெழம அண்ணாச்சி."

"புதன்தான் போட்டிருக்காக. பாரு."

பார்த்தாள். புதன்தான். கடைக்குள் இருந்த அத்தனை கடலும் ஒரே நொடியில் வற்றிப்போனது. செவ்வாய் என்று வாய்விட்டுச் சொன்னாள், சரி என்று வாய்விட்டுச் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு நாளைத் தள்ளிப் போட்டிருக்கிறார். அன்றைக்கும் ஒரு நாள், இன்றைக்கும் ஒரு நாள். இரண்டரை வருஷம் காத்துக் கிடந்தவளைப் பார்க்க இவருக்கு ஓர் அவசரமும் இல்லை. கண்ணில் நீர் தளும்பியது. முகக்கவசம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

"என்ன தங்கச்சி, ஒரு நாளுதான?" என்றார் ஜேசுராஜ். "எதுக்கும் ஊசிச் சீட்டக் காட்டு. பதினாலு நாளு ஆயிருச்சான்னு பாத்துருவோம். போன மாசம் ஒருத்தர இதுக்காகவே ஏர்போர்ட்ல திருப்பி அனுப்பிட்டாக."

சீட்டை வாங்கிக் காலண்டரில் வைத்து எண்ணினார். ஊசி போட்ட புதனைத் தொடாமல், மறுநாள் வியாழனில் ஒன்று என்று ஆரம்பித்தார்.

"புதன விட்டுட்டீகளே" என்றாள்.

"அத எண்ணக்கூடாது. ஊசி போட்டு ஒரு நாளு முடியிறது வியாழந்தான? நம்மூர்ல புள்ள பொறந்த அன்னைக்கே ஒண்ணுன்னு எண்ணித்தான் முப்பதாம் நாளு சாமி கும்பிடுறோம். அவுக கணக்கு அப்படியில்ல. நாளைக்குச் செவ்வாக்கெழம உனக்குப் பதிமூணுதான் ஆகுது. நாளைக்குப் போயிருந்தா வாசல்லயே நிப்பாட்டியிருப்பாக. புதன் போட்டது யாரு, உன் வீட்டுக்காரரா? வெவரமான ஆளு."

யுவராணி வாசலில் இறங்கிப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"தெரிஞ்சா புதன் போட்டீக?"

அந்தப் பக்கம் பாத்திரத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"ஊசி போடாம திருப்பி விட்டாகன்னு நர்சம்மாவ வஞ்சயில்ல, அப்பவே தெரிஞ்சுபோச்சு புள்ள. நீயும் என்னைய மாதிரி மொத நாளையும் சேத்துத்தான் எண்ணுவன்னு."

"என்னைய மாதிரின்னா?"

"மொத லீவு. முப்பது நாளுன்னாக. நான் வந்து எறங்குன நாளையே ஒண்ணுன்னு எண்ணிட்டு, பொறப்பட்டுப் போயி தீவுப் படகுத்துறையில நிக்கிறேன். சூப்பர்வைசரு, என்னய்யா நாளைக்குத்தான உனக்கு டூட்டின்னு சிரிக்கிறாரு. திரும்பி வரவும் வழியில்ல. அன்னைக்கெல்லாம் அந்தத் தொறையிலயே உக்காந்திருந்தேன்."

"எங்கிட்டச் சொல்லல."

"எண்ணத் தெரியாதவன்னு நெனப்பியேன்னு வெக்கம். இப்ப டிக்கெட்டப் பத்திச் சொல்லணும்னா அதையும் சொல்லணும்ல. அதான் வாயத் தெறக்கல."

யுவராணி கடைவீதியில் நின்றபடியே அழுதாள். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்றிருந்தது. ஆறு வருஷமாக அவளை உறுத்திய அந்த ஒரு நாளில் அவர் வேலையும் செய்யவில்லை, ஓடியும் போகவில்லை. அவளைப் போலவே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"அங்கன வந்தா என்னைய மேடம்னு கூப்பிடுவீகளா?"

"டூட்டியில இருந்தா கூப்பிட்டுத்தான் ஆகணும். டூட்டி முடிஞ்சா ராணிதான். டிக்கெட்டுல திரும்புற நாளப் பாத்தியா?"

பார்க்கவில்லை. தாளைப் புரட்டினாள். நாலு ராத்திரி என்றால் ஞாயிறு திரும்ப வேண்டும். திங்கட்கிழமை என்றிருந்தது. விரலை மடக்கினாள். ஓட்டல் கணக்கில் ஐந்து ராத்திரி, ஊர்க்கணக்கில் ஆறு நாள். எந்தக் கணக்கில் எண்ணிப் பார்த்தாலும் ஒன்று கூடுதலாக இருந்தது.

"முதலாளிக்கிட்டக் கேட்டு வாங்குனேன்" என்றார் கர்ணன். "எங்கிட்டப் பழைய பாக்கி ஒரு நாளு இருக்குன்னு சொன்னேன்."