தொட்டவுடன் துடைத்த கத்தி

கனடாவில், ஒஷாவாத் தில்லையம்பலம் தன் மூத்த மகனின் கல்யாண வரவேற்பில் கேக் வெட்ட ஒரு வாள் வைத்திருந்தார். வெள்ளிப் பிடி, சிவப்புக் குஞ்சம், உருவும்போது படம் பிடிக்க இரண்டு வீடியோக்காரர். தொண்ணூற்றாறாம் ஆண்டு முழுவதும் ஸ்காபரோத் தமிழர் அந்த வாளைப் பற்றியே பேசினார்கள். கேக் எப்படி இருந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் தில்லையம்பலத்தின் இளைய மகனுக்கு இராஜரட்ணத்தின் மகள் மயூரியைப் பேசி முடித்தார்கள். வரவேற்பு பெண் வீட்டாருடையது. ஆகவே கேக் கத்தியும் பெண் வீட்டாருடையது. அது அந்த வாளுக்கு ஒரு படி மேலே நிற்காவிட்டால், ஊரில் காணிப் பதிவுக் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் தலைமை எழுதுவினைஞராக இருந்த இராஜரட்ணம் எந்த முகத்தோடு மேடையேறுவார்?

விமான நிலையத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் பெரிய கத்திக் கண்காட்சி நடக்கிறதென்று சொன்னவன் வின்சன்ற். ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், இராஜரட்ணம் குடியிருந்த அதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழே இருந்தான். நகரத்து ஹோட்டலொன்றின் குசினியில் இறைச்சி வெட்டும் வேலை. அவனுடைய தகப்பன் ஊரில் இராஜரட்ணம் வீட்டு வேலியடைக்க வருவார். அவருக்குத் தேத்தண்ணி ஊற்றவென்று ஒரு தேங்காய்ச் சிரட்டை அந்த வேலியிலேயே செருகியிருக்கும். கனடாவில் அந்தக் கதையை இருவரும் எடுப்பதில்லை. வின்சன்றிடம் கார் இருந்தது, இராஜரட்ணத்திடம் இல்லை.

"அண்ணை, உள்ளுக்குப் போனா கேக்காமல் ஒண்டிலும் கை வைக்கக் கூடாது," என்றான் வின்சன்ற், நானூற்றொன்றாம் நெடுஞ்சாலையில் காரை விட்டபடி. "தந்தால் பிடியில மட்டும் பிடியுங்கோ. அலகைத் தொடாதேங்கோ, கை வேர்வை பட்டால் இரும்பு துருவேறிக் கறள் பிடிச்சிடும். கத்தியைக் கையில வைச்சுக்கொண்டு ஆளுக்கு நேர திரும்பக் கூடாது. ஆரும் வாங்கிக்கொண்டு நிண்டால் விலத்தி இடம் விடவேணும். பக்கத்து மேசையில மலிவெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

"நான் பத்து நாள் திருவிழா நடத்தினவன் தம்பி. கத்திக் கடையில நிக்கிற முறையை நீர் எனக்குப் படிப்பிக்கிறீர்."

"ஓம் அண்ணை. திருவிழாவில ஐயர் கத்தி தாறேல்லைத்தானே."

வாசலில் நின்ற காவலாளி, கத்தி ஏதும் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்டான். கோட்டும் கழுத்தில் ரையும் கையில் குடையுமாக வந்த இராஜரட்ணத்துக்கு முகம் கறுத்தது.

"என்னைப் பாத்துக் கேக்கிறான்."

"எல்லாரையும்தான் கேக்கிறான் அண்ணை. கொண்டுவந்தால் உறையோட சேத்துக் கட்டிவிடுவினம். பிறகு உள்ளுக்கு ஒருத்தரும் உருவ ஏலாது."

உள்ளே இருநூறு மேசைகள். முன்கையில் பாதிப்பக்கம் மயிரில்லாத ஆண்கள் கூட்டங்கூட்டமாக நடந்தார்கள். அலகின் கூரைத் தங்கள் கையிலேயே வழித்துப் பார்த்த வீரர்கள் அவர்கள். வரிப்புலிக் காற்சட்டை போட்ட ஒருவன், வாழ்நாளில் வெங்காயம்கூட வெட்டியிராத கையால், கரடியை உரிக்கும் கத்தியைத் தூக்கி நிறை பார்த்தான். இராஜரட்ணம் யாரையும் இடிக்காமல், யாருக்கும் விலகாமல் நடந்தார்.

நடுவரிசையில் ஒரு தாடிக் கிழவனின் மேசையில் இராஜரட்ணம் தேடி வந்த கத்தி கிடந்தது. முழங்கை நீளம், மான்கொம்புப் பிடி, தோலுறை, அலகில் ஆற்று நீர் ஓடுவதுபோல வரி.

பார்க்கலாமா என்று வின்சன்ற் கேட்டான். கிழவன் அலகின் முதுகைப் பிடித்துக்கொண்டு பிடியை இராஜரட்ணத்திடம் நீட்டினான். இராஜரட்ணம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கத்தியைக் கைக்குக் கை வாங்கினால் பகை வரும். இது அவருடைய வீட்டில் குழந்தைக்கும் தெரியும். மேசையைத் தட்டி, வை என்று காட்டினார். வேண்டாம் என்கிறாராக்கும் என்று கிழவன் கத்தியைப் பெட்டிக்குள் வைத்து மூடினான். இராஜரட்ணம் இருமினார். கிழவன் மறுபடி எடுத்து நீட்டினான். இராஜரட்ணம் மறுபடி மேசையைத் தட்டினார். பின்னால் ஆறு பேர் சேர்ந்துவிட்டார்கள். கடைசியில் வின்சன்ற் வழக்கத்தை விளக்கிச் சொல்ல, கிழவன் தலையாட்டிவிட்டு, கத்தியைத் துணியில் பக்குவமாகக் கிடத்தினான்.

இராஜரட்ணம் எடுத்தார். எடுத்த வேகத்தில் வலது பெருவிரலை அலகின் அடியிலிருந்து நுனிவரை ஓட்டினார். அவர் கீழே வைத்ததும், கிழவன் ஒரு சின்னத் துணியில் எண்ணெய் தொட்டு, விரல் போன வழியைத் துடைத்தான்.

இராஜரட்ணம் அதைப் பார்த்தார். சோதிப்பதற்காக மறுபடி எடுத்து, மறுபடி தடவி வைத்தார். கிழவன் மறுபடி துடைத்தான்.

"பாத்தீரே," என்றார் தணிந்த குரலில். "நான் தொட்ட இடத்தைத் துடைக்கிறான்."

"அண்ணை, அது கறள்—"

"எனக்குச் சொல்ல வேண்டாம் தம்பி. உந்தத் துடைப்பு என்னெண்டு எனக்குத் தெரியும்."

தெரியும்தான். வின்சன்றின் தகப்பனைப் போன்ற ஆட்கள் இருந்துவிட்டுப் போன இடத்தில் தண்ணீர் தெளித்துக் கழுவிய வீடு அவருடையது. உலகத்தில் ஒருவர் தொட்டதை இன்னொருவர் துடைப்பதற்கு வேறு காரணம் இருக்கலாம் என்று அவருக்கு எட்டவில்லை. வின்சன்ற் அவரைப் பார்த்தான். பிறகு தாடிக் கிழவனின் மேசைவிரிப்பைப் பார்த்தான்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்தானே அண்ணை," என்றான்.

விலை கேளாமலே வாங்கினார். கிழவன் கத்தியோடு ஒரு சிறு எண்ணெய்ப் போத்தலும் துடைக்கும் துணியும் இனாமாக வைத்தான். உறைக்குள் போட்டு வைக்க வேண்டாம், தோல் ஈரம் பிடிக்கும் என்றும் சொன்னான். இராஜரட்ணம் போத்தலையும் துணியையும் ஒரு விரலால் திருப்பித் தள்ளினார்.

"உதை அவனையே வைச்சிருக்கச் சொல்லும். இது இனி என்ர கத்தி. நான் தொடுவன், என்ர சனம் தொடும். ஆர் துடைக்கிறான் எண்டு பாப்பம்."

"எவர்சில்வர் இல்லை அண்ணை உது," என்றான் வின்சன்ற். காரில் மறுபடியும் ஒருமுறை சொன்னான். அதற்குமேல் சொல்லவில்லை.

கத்தி வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி யோகராணி, இரும்புச் சாமான் வாங்கினால் செய்கிற முறைப்படி, சாமித்தட்டில் வைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்து, அலகில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பிறகு கணவர் கத்தியை உறையில் செருகினார். மூன்று வாரத்தில் வந்துபோன சொந்தமெல்லாம் உருவிப் பார்த்துத் தடவியது. கடைசியாகத் தடவியவர் எப்போதும் இராஜரட்ணம்தான். வரவேற்புக்கு முந்திய நாலு நாள், மண்டபமும் மாலையுமாக அலைந்ததில், அதை உருவ நேரமிருக்கவில்லை.

வரவேற்பன்று ஐந்நூறு பேர். நாலு தட்டுக் கேக். அறிவிப்பாளர் ஒலிவாங்கியில் குடும்பப் பெருமையை எல்லாம் சொல்லி முடிக்க, இராஜரட்ணம் மேடையில் நிமிர்ந்து நின்று, வீடியோ வெளிச்சத்தில், கத்தியை உருவினார்.

ஆற்று நீர் வற்றியிருந்தது. சந்தனப் பொட்டு இருந்த இடத்தில் செம்புண். அதைச் சுற்றிப் படை படையாகக் கறள். நடு அலகில் மட்டும், ரேகை ரேகையாக, பழுப்பு நிறத்தில் ஒரு பெருவிரல். கந்தோரில் மைப் பெட்டியை நீட்டி, எழுதத் தெரியாதவர்களின் விரலைத் தானே பிடித்து அழுத்தி, பிறகு தன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியவர் இராஜரட்ணம். இவ்வளவு சுத்தமான பதிவு அங்கே ஒருநாளும் விழுந்ததில்லை.

தில்லையம்பலம் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக் குனிந்தார்.

"வடிவான கத்தி," என்றார். "கைநாட்டு வைச்சது ஆர் சம்பந்தி?"

முன்வரிசை சிரித்தது. பின்வரிசை ஏன் என்று கேட்டுச் சிரித்தது. மயூரி தகப்பனைப் பார்க்காமல் கேக்கைப் பார்த்தாள்.

அன்றைய சமையலுக்கு உதவிக்கு வந்திருந்த வின்சன்ற் குசினிக் கதவால் வெளியே வந்தான். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, தன் வேலைக் கத்தியை இராஜரட்ணத்தின் கையில் கொடுக்காமல், கேக்குக்குப் பக்கத்தில் மேசையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றான்.

இராஜரட்ணம் அந்தக் கறுத்த பிளாஸ்டிக் பிடியைப் பார்த்தார். இருபது வருட வேலியையும் சிரட்டையையும் தாண்டி அதை எடுத்து, மகளின் பக்கத்தில் வைத்தார். பிள்ளைகள் இருவரும் கேக்கை வெட்டினார்கள். கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கியது.

திருப்பிக் கொடுக்குமுன் இராஜரட்ணம் சட்டைப் பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து, தான் பிடித்த பிடியை அழுத்தித் துடைக்கத் தொடங்கினார்.

"துடைக்கத் தேவையில்லை அண்ணை," என்றான் வின்சன்ற். "உது எவர்சில்வர். ஆர் தொட்டாலும் ஒண்டும் செய்யாது."