சாவிக்கொத்தின் கனம்

1

"ஒத்தச் சாவியா வச்சுக்கிறதா இருந்தா எடுத்துட்டுப் போங்கக்கா, இல்லேன்னா வண்டி இங்கேயே..."

"தொலைஞ்சு போனா? நீயா வந்து..."

"தொலைஞ்சா பத்துச் சாவி வெட்டித் தரேன். கொத்துல மட்டும் கோக்காதீங்க."

"செருப்பையே ரெண்டு ஜோடி தொலைச்ச மனுஷன்ப்பா அவரு. கொத்துல போட்டதாலதான் இத்தனை வருஷம் சாவி தங்குச்சு."

"அது கொத்தாக்கா? எடைக்கல்லு."

"ஏம்ப்பா, கொத்து உன்னை என்ன பண்ணுச்சு?"

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். மிக்ஸியைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு அந்தக் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் வண்டிப் பட்டறை. இருவர் முகத்தையும் நான் பார்க்கவில்லை. எனக்குக் கதைகள் எப்போதும் பேச்சாகத்தான் வந்து சேரும். முகமும் சட்டையும் நான்தான் தேடிப் போட வேண்டும். மிக்ஸி ஓடியது, எழுந்து வந்துவிட்டேன். இனி வருவதெல்லாம் என் பொறுப்பு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "இருபத்திரண்டு வயதான அந்தப் பிக்கப், தீராத நோயாளியைப் போல..." அடித்துவிட்டேன். வண்டி வண்டியைப் போலத்தான் நின்றிருக்கும்.

அடுத்தது: "மெக்கானிக்குக்குக் காலையிலிருந்தே மனசு..." (மனசு என்ன செய்தது என்று தெரியவில்லை. அப்படியே விட்டேன்.)

நடந்ததை நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்த அக்காவும் கணவரும் நாற்காலி வாடகைக்கு விடுகிறவர்கள். கிடங்கு ஷட்டர் சாவி, பூட்டுச் சாவிகள் ஐந்து, வீட்டுச் சாவி இரண்டு, பீரோ சாவி எல்லாவற்றையும் ஒரு பித்தளை வளையத்தில் கோத்து, வண்டிச் சாவியையும் அதிலேயே மாட்டிக் கொடுத்தவள் அவள். மூன்று மாதம் முன்பு ஓர் இறக்கத்தில் வண்டி வளைவில் திரும்பாமல் நேராகப் போய்ச் சுவரில் மோதியது. ஓட்டிய கணவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் தம்பி இறந்துபோனான்.

(தம்பியை எங்கிருந்து எடுத்தேன் என்றால், தன்னை அக்கா என்கிறவனை அவள் ஒரு தடவைகூடத் தம்பி என்று கூப்பிடவில்லை. "ஏம்ப்பா" என்றாள். அந்த இடைவெளியில்தான் அவன் எனக்குக் கிடைத்தான்.)

"தூங்கிட்டாரு." இதை முதலில் சொன்னது அவள்தான். பிறகு ஊரே சொன்னது. கணவர் முதலில் இல்லை என்றார், அப்புறம் தெரியவில்லை என்றார், கடைசியில், "தூங்கிட்டேன் போல" என்றார்.

3

மெக்கானிக் வண்டியின் முகப்பை நிமிர்த்தினார். சாவி போடும் லாக்கைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே தேய்ந்து வழவழவென்று இருந்தது. மேசை வைஸில் அதை இறுக்கி, கொத்தோடு சாவியைப் போட்டு, வண்டி ஓடும் நிலைக்குத் திருப்பி வைத்துவிட்டு வளையத்தை ஓர் ஆட்டு ஆட்டினார். சாவி தானாக அணைந்த நிலைக்குத் திரும்பி நின்றது. இன்னொரு தடவை ஆட்டினார். மறுபடியும்.

அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த மனிதர் தூங்கவில்லை.

முதல் பிரதியில் மெக்கானிக் தங்கமானவர். அவள் மனம் நோகக் கூடாது என்று வாயை மூடிக்கொள்கிறவர். படித்துப் பார்த்தேன், நம்ப முடியவில்லை. ஆகவே போன வருடம் அந்தக் கணவர் வந்து அவரிடம் பேசிய பேச்சு ஒன்றைக் கொடுத்தேன்.

"வண்டி ஓடுறப்பவே சாவி கையோட வந்துடுதுப்பா."

"பழைய வண்டிண்ணே, அப்படித்தான் இருக்கும். ஓட்டிட்டுப் போங்க."

இப்போது அவர் மௌனம் யாருக்காக? அவளுக்காகவா, தனக்காகவா? இரண்டையும் பிரித்துப் பார்க்க அவரால் முடியவில்லை. எழுதுகிற எனக்கும் முடியவில்லை.

4

ஒரு முடிவு: அவர் எதுவும் சொல்வதில்லை. புது லாக், ஒற்றைச் சாவி, அவள் போய்விடுகிறாள். கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் ஒருவர் செய்யாத குற்றத்தோடு சாப்பிட உட்கார்வார், அவள் தட்டை வைத்துவிட்டு முகம் பார்க்காமல் நகர்வாள்.

இன்னொன்று, அவர் ஒப்புக்கொள்கிறார்: "எல்லாம் என் தப்புக்கா, அண்ணன் அப்பவே சொன்னாரு." எழுதிப் பார்த்தேன். அவள் அதோடு விடுகிறவள் இல்லை. லாக் ஏன் தேய்ந்தது என்று கேட்பாள்.

மூன்றாவது: கணவர் பட்டறைக்கு வந்து...

வரமாட்டார். வண்டிப் பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுகிறார்.

5

ஆகவே இருவரையும் பேசவிட்டு, நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டேன். சொல்வதில்லை என்று முடிவெடுத்துத்தான் மெக்கானிக் நின்றார். ஆனால் தொழில் கேள்விக்குப் பொய் சொல்லிப் பழகாத ஆள்.

"அதான் புது லாக் போட்டாச்சே. இன்னும் கொத்து மேல என்ன கோவம்?"

"புதுசும் தேயும்க்கா."

"எதனால?"

"கனம் தொங்கினா தேயும். ஆட ஆடத் தேயும்."

"தேய்ஞ்சா தேயட்டும். சாவி வழுக்கும், அவ்வளவுதானே?"

"ஓடுறப்பவே தானாத் திரும்பிடும்."

"திரும்பினா?"

"எஞ்சின் நின்னுடும். பிரேக் கல்லாட்டம் ஆயிடும். சில சமயம் ஸ்டீரிங்கும் பூட்டிக்கும்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்பானரை எடுத்து வேறொரு இடத்தில் வைக்கிற சத்தம்.

அவள் கொத்தைப் பற்றிக் கேட்பாள், "அப்ப நான்தானா" என்று உடைவாள் என்று நினைத்து அந்த வரியைத் தயாராக வைத்திருந்தேன். அவள் அதைத் தொடவே இல்லை. வேறொன்று கேட்டாள். பதில் சொல்ல வேண்டியவர் மெக்கானிக். அவர் வாயில் நான் எதையும் வைக்கப் போவதில்லை. ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் யார் தலையில் எது விழும் என்பது என்னைப் போலவே உங்களுக்கும் தெரியும். அவர் இடத்தில் நின்று, அவள் முகத்தைப் பார்த்து, நீங்களே சொல்லுங்கள்.

"அப்ப அவரு தூங்கலையாப்பா?"