நூல் கட்டிய கழிகள்

"மல்லிச்செடி கணக்கா ஒட்ட வெட்டுன்னு சொன்னது யாருண்ணா? நீங்கதான—"

"சொன்னேன், யாரு இல்லேன்னது? இப்ப அத்த விடு—"

"பச்சைக் கழிய வெட்டாதீங்க, அதுலதான் அடுத்த பழம் வரும்னு அப்பவே அடிச்சிக்கினேனே—"

"ஐயோ, கத்தாத எஸ்தரு! மேடம் வண்டி சுங்குவார்சத்திரம் தாண்டிடுச்சு."

சூப்பர்வைசர் சிட்டிபாபு கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தான். முசரவாக்கத்து வெயில் வெளியே கொளுத்தியது. பாலித்தீன் கொட்டகைக்குள் மட்டும் ஒரு பக்கம் ஈர அட்டையில் தண்ணீர் வழிய, எதிர்ப்பக்கம் பெரிய விசிறிகள் இரைந்தன. ராஸ்பெர்ரிக்குச் சூடு ஆகாது. முந்தாநாள் வரை ஆள் உயரம் நின்ற முந்நூறு செடிகள், தேங்காய் நார்த்தூள் பைகளில் சாண் சாண் குச்சிகளாக நின்றன.

ஒரு முறை காய்த்த கழி பழுப்பாகி, காய்ந்துவிடும். அதை எடுத்துவிட வேண்டும். பக்கத்தில் புதிதாகக் கிளம்பும் பச்சைக் கழிதான் அடுத்து காய்க்கும். இதை எஸ்தருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தினமும் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. கை தவறிக்கூட வெட்டிவிடக் கூடாதென்று, பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டில் கழித்துப் போட்ட அரக்குச் சிவப்புப் பட்டு நூலை வாங்கி வந்து, பச்சைக் கழி ஒவ்வொன்றிலும் கட்டி வைத்திருந்தாள். சிட்டிபாபு பக்கத்தில் நின்று, அத்தனையையும் வெட்ட வைத்தான். பத்து வருஷம் மல்லித் தோட்டம் பார்த்தவன்.

"போன்ல சொல்ட்டேன். நீதான் தெரியாம வெட்டிட்டன்னு."

"இன்னாது?"

"ரெண்டு திட்டு திட்டுவாங்க, வாங்கிக்கோ. என்னிய வேலைய விட்டு அனுப்பிட்டாங்கன்னா, புதுசா வர்றவன் அவன் ஆளுங்கள இட்டாந்துடுவான். மூணு வெரல் இல்லாதவன எவன்மா மோட்டார்கிட்ட விடுவான்?"

கதவோரம் சுவிட்சுப் பலகையருகே நின்ற எஸ்தரின் புருஷன் தாவீது, மில் மிஷினில் விரல்களைக் கொடுத்த வலது கையை லுங்கி மடிப்புக்குள் செருகிக்கொண்டான்.

"யோவ், நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா?" என்றாள் எஸ்தர்.

"இன்னாத்த சொல்றது எஸ்தரு? எட்டு எடத்துல கேட்டு, கடசியா இங்கதான எடுத்தாங்க."

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

முதலாளி சுகாசினி கத்தவில்லை. ஒரு குச்சியின் நுனியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அந்த வரிசையைக் கடைசி வரை நடந்து போய்த் திரும்பி வந்தாள்.

"நீதான் வெட்டினியா எஸ்தர்?"

எஸ்தர் சிட்டிபாபுவைப் பார்த்தாள். அவன் ஈர அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தாம்மா. தெரியாம வெட்டிட்டேன்."

"தெரியலன்னா சிட்டிபாபுகிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுக்கு என்ன எஸ்தர்?"

"தப்புதாம்மா."

"ஒரு வருஷம் போச்சு. புதுசா முளைச்சு, வளந்து, எப்ப காய்க்கிறது?" சுகாசினி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இல்ல எஸ்தர், சரிப்படாது. நாளைலேர்ந்து வர வேணாம். தாவீது இருக்கட்டும், மோட்டார நல்லா பாத்துக்கறார்."

"மேடம்..." என்றான் சிட்டிபாபு.

எஸ்தர் கையுறையைக் கழற்றினாள். முள் கீறிய இடங்கள் விரலெல்லாம் பொருக்குத் தட்டியிருந்தன. கத்திரியைத் துடைத்து, எண்ணெய் தொட்டு, ஆணியில் மாட்டினாள். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தாவீது தலை நிமிரவில்லை.

கொட்டகைக்குப் பின்னால் வெட்டிப் போட்ட கழிகள் குவியலாகக் கிடந்தன. அதற்குள் அங்கே வந்திருந்த சுகாசினி குனிந்து நின்றாள், பக்கத்தில் சிட்டிபாபு. வாடிய பச்சைக் கழி ஒன்றை உருவினாள். பிறகு இன்னொன்றை, இன்னொன்றை. எல்லாவற்றிலும் சிவப்பு நூல், ஒரே மாதிரித் தளர்முடிச்சு. பழுப்புக் கழி ஒன்றிலும் நூல் இல்லை.

எஸ்தர் தூக்கோடு அப்படியே நின்றாள். சிட்டிபாபு கர்ச்சீப்பை எடுத்தான்.

"இத யாரு கட்டினது, சிட்டிபாபு? கரெக்டா பச்சைக் கழியா பாத்து கட்டியிருக்காங்க. செடி தெரிஞ்ச ஆளு. அவங்கள மட்டும் வேலைய விட்டுப் போக விட்டுடாதீங்க."