எருக்கலம்பிட்டிச் சோடாப் போத்தல்

வாசலோரம் முருங்கைக் கம்பு நடக் குழி தோண்டிய றுமைஸாவின் அலவாங்கு கண்ணாடியில் இடித்தது. மண்ணைத் தள்ளிப் பார்த்தால், தடித்த பச்சைச் சோடாப் போத்தல், வாயை மெழுகால் அடைத்தபடி. ஏழு மாதக்காரி, ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்தவள், அதை அப்படியே மூடியிருக்கலாம். ஆசை யாரை விட்டது? மெழுகைச் சுரண்டினாள்.

உள்ளே சுருட்டிய கடதாசி. மஞ்சள் மையில் அறபு எழுத்து. ஓதப் படித்தவளல்லவா, இரண்டு பெயர்கள் கண்ணில் குத்தின. ஒன்று றுமைஸா. மற்றது ஹஃபீலா, அவளைப் பெற்ற உம்மா.

தாயின் பெயரோடு ஒருத்தியின் பெயரை எழுதிப் புதைத்தால் அது சூனியம் என்று எத்தாளை ஊரில் எல்லோருக்கும் தெரியும்.  அந்த இரண்டு பிள்ளைகளும் போனது இதனால்தானா? கடதாசியை அடுப்பில் போட்டாள். புருஷன் அஸ்மி உச்சமுனைப் பக்கம் கடல் தொழிலுக்குப் போயிருந்தான், மாமி ஹவ்வா கருவாடு காயவைக்கப் போயிருந்தாள். சொல்லி அழவும் ஆளில்லை.

செய்தது யார்? இனிப் போத்தல்தான் சாட்சி. அதில் புடைத்திருந்த எழுத்துகள் உப்பில் தேய்ந்துபோய்க் கண்ணுக்குப் பிடிபடவில்லை. பாண் சுற்றி வந்த தாளைப் போத்தலில் இறுக்கிச் சுற்றிக் கரித்துண்டால் தேய்த்தாள். ஒரு பாய்த்தோணி எழும்பியது. அதன் கீழே இங்கிலீசு எழுத்துகள். முன்பாதி அழிந்து, 'பிட்டி' மட்டும் தெரிந்தது. ஊரார் மன்னாரில் விட்டு வந்த எருக்கலம்பிட்டியும் பிட்டி, இங்கே பக்கத்துக் கற்பிட்டியும் பிட்டிதான். கற்பிட்டியாக இருக்கட்டும், யாரோ அந்நியர் செய்ததாக இருக்கட்டும் என்று துஆக் கேட்டுக்கொண்டே தேத்தண்ணிக் கடை நெய்னார் காக்காவிடம் நடந்தாள். அவருடைய வாப்பா மன்னாரில் சோடாக் கொம்பனி வைத்திருந்தவர்.

காக்கா தாளை வெளிச்சத்தில் பிடித்தார். கண் கலங்கிவிட்டது.

"இது எங்கட வாப்பாட தோணி மார்க் அல்லவா! எருக்கலம்பிட்டிப் போத்தல். கொண்டா புள்ள, ஒருக்காக் கையில புடிச்சுப் பாக்க."

"இஞ்ச ஆருட்ட இருந்திச்சு, காக்கா?"

"தொண்ணூறுல எங்கள ஊர விட்டுத் தொரத்தி, வெளிக்கிட்ட அண்டு ஆரு போத்தல் தூக்கின? வாப்பா ஒண்டே ஒண்டில தண்ணி நெரப்பி, தோணியில ஏறின கைப்புள்ளக்காரி ஒருத்திக்குக் குடுத்தார்."

"ஆருக்கு?"

"வேற ஆருக்கு? உன்ட மாமிக்குத்தான்."

வீடு வந்தாள். சோறு போடுகிற கை, கால் வீங்கினால் எண்ணெய் பூசுகிற கை, அந்தக் கையா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுக்கோ மாமியே பேயாகிவிட்டாள். அலவாங்கை எடுத்துக் கிணற்றடியில் போத்தலை ஒரே போடு போட்டாள். தோணியும் பிட்டியும் சில்லுச் சில்லாகச் சிதறின.

அந்தி மஃரிப் நேரம் மாமி வழமைபோல ஓதி ஊதிய தண்ணீரை நீட்டினாள். றுமைஸா அதைத் தட்டிவிட்டாள்.

"வாசல்ல பொதச்சது நீங்கதானே?"

"ஓம்," என்றாள் மாமி. ஒளிக்கவில்லை.

"என்ட பேரும் உம்மாட பேரும் போட்டா?"

"காவலுக்கும் தாய்ட பேர்தான் எழுதுற, மகள். ரெண்டாவதும் போன பொறகு லெப்பையிட்ட எழுதி எடுத்தன். தோணியில புள்ளையள் எல்லாம் தாகத்தில வதங்கக்குள்ள, அஸ்மிட உசிரு அந்தப் போத்தல்லதான் இருந்திச்சு. அதான் அதுக்குள்ளயே போட்டுத் தாட்டன்."

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"சொன்னா நீ பயந்திருவாய் எண்டுதான். செரி, எடுத்துத் தா, இருந்த இடத்திலயே வெச்சிருவம்."

றுமைஸா திரும்பிப் பார்த்தாள். அவள் பார்வை போன பக்கம் மாமியும் பார்த்தாள். கிணற்றடியில் பச்சைச் சில்லுகள்.

"கடதாசி?"

"எரிச்சிட்டன், மாமி."

ஊர் இழந்தும் கலங்காத மாமியின் முகத்தில் அன்றுதான் றுமைஸா பயத்தைக் கண்டாள். தன் பயத்தைவிட அது பெரிதாக இருந்தது. மாமி திட்டவில்லை. உள்ளே போய்ப் பாயை எடுத்து வந்தாள். வாசலில் அந்தக் குழியின் மேல் விரித்து, குறுக்கே படுத்துக்கொண்டாள்.

"நீ உள்ள போய்ப் படு, மகள். இஞ்ச நான் கிடக்கன்."