தொழிலுக்குப் போகாத நாள்

குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையோரம் புதிதாகத் திறந்த மீன் ஓட்டலுக்குள் நுழைந்ததும் என் வீட்டுக்காரர் கமலக்கண்ணன் அப்படியே நின்றுவிட்டார். எதிர்ச்சுவரைப் பார்த்ததும் எனக்கும் காரணம் தெரிந்தது. அவர் வரைந்த சுவர் அது. ஆனால் அவர் வரையாத ஆட்கள் படகில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர் நாகப்பட்டினத்துப் பக்கம் மீனவக் குப்பத்தில் பிறந்தவர். ஓசூர் கம்பெனியில் உதிரிபாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. லீவு கிடைத்தால் போதும், தன் ஊர் ஜனங்களைத்தான் வரைவார். வேறெதையும் வரையச் சொன்னால் கை ஓடாது. ஓட்டல்காரன் கேட்டு இந்தச் சுவரில் அவர் முதலில் வரைந்துகொடுத்தது வேறு. நல்ல வெயில், படகெல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன, கடலில் ஒன்றுகூட இல்லை. தேன்கனிக்கோட்டை ராகிக் காட்டில் வளர்ந்த எனக்கு அது விளங்கவில்லை. கடலை வரைந்துவிட்டு இப்படிக் காலியாக விடலாமா என்று நானே கேட்டேன். குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் தொழிலுக்கு, அதாவது கடலுக்கு, போக மாட்டார்களாம். அது அவருடைய தம்பியின் உடல் கரை ஒதுங்கிய நாள். சொல்லிவிட்டு மறுபடி தூரிகையை எடுத்துக்கொண்டார்.

ஓட்டல்காரன் தினேஷ்குமார் சிரித்துக்கொண்டே வந்தான். நேற்று வேறொரு ஆளைக் கூப்பிட்டு, படகுகளைக் கடலில் இறக்கி, மீனைத் துள்ளவிட்டு, சிரிக்கிற ஆட்களையும் போட்டுவிட்டதைப் பெருமையாகச் சொன்னான். வரைந்தவரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றுகூட அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை.

"நாலு பேரு உக்காந்து சாப்புடற எடம்ணா. கடலு காலியா கெடந்தா நல்லாவா இருக்குது?"

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அது இவரு தம்பி செத்த நாளுப்பா" என்றேன்.

அவன் முகம் சுருங்கியது. "எழவு வூட்டையாக்கா சோறு போடற எடத்துல வரைவாங்க?"

இவர் பக்கத்து மேசையில் கிடந்த ஈரத்துணியை எடுத்தார். நேராகப் போய்ச் சுவரைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"அன்னிக்கி எவனும் தொழிலுக்குப் போவலடா" என்றார், அவனைத் திரும்பிப் பார்க்காமலே.

நேற்று அடித்த தண்ணீர்ப் பெயிண்ட் இன்னும் இறுகவில்லை. அழுத்தித் தேய்க்கத் தேய்க்கக் கரைந்து வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை இலையில் வைத்தபடியே பார்த்தார்கள். சர்வர்கள் ஓடிவந்து அவரைப் பிடித்து இழுத்தபோது சிரித்த முகங்கள் போயிருந்தன, உடம்புகளும் போயிருந்தன. படகுகள் மட்டும் மிச்சம். ஒரு ஆளும் இல்லாமல், துள்ளுகிற மீன்களுக்கு நடுவே, அவை வரிசையாகக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தன.