வெள்ளிக்கிழமை இறைத்த ஹவுள்

பள்ளிவாசல் தலைவர் அபூதாஹிருக்கு ஒரே மகள் நஜ்முன் நிஸா. அவளுக்கு என்ன வேலை என்று யார் கேட்டாலும் "சுகாதார ஒபிஸில" என்று சொல்லி வாயை மூடிக்கொள்வார். குறிஞ்சாக்கேணியில் வீடு வீடாகப் போய், பூச்சாடியிலும் கூரைப் பீலியிலும் டோர்ச் அடித்து நுளம்புப் புழு பிடிக்கிறவள் என்று சொல்ல அவருக்கு வெட்கம். தலைவருடைய மகளாயிற்றே!

அந்த வெள்ளிக்கிழமை காலை அவள் பள்ளிவாசல் முற்றத்துக்கே வந்துவிட்டாள். தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்யும் ஹவுள் தொட்டியில் அகப்பையை விட்டு அள்ளி, போத்தலில் ஊற்றி நீட்டினாள்.

"இப்பவே ஹவுளை இறைக்கோணும், வாப்பா."

"ஜும்ஆத் தொழுகைக்கு நானூறு பேர் வருவாங்க புள்ள! நேற்றுத்தானே மருந்து போட்டது?" என்று பாய்ந்தார் செயலாளர் றம்ஸான்.

"மருந்தைப் புழு திண்டாத்தான் சாகும். இது கூட்டுப்புழு, சுருண்டு கிடக்கு பாருங்க. இது ஒண்டும் தின்னாது, மருந்து எப்பிடி உள்ளுக்குப் போகும்? புழுவா இருந்தது உள்ளுக்க நுளம்பா மாறிட்டு. இண்டைக்கே பறந்திரும்."

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். மகள் பேச்சைக் கேட்டு அவள் சொன்னது பிழையாகிப்போனால் ஊர் அவரை வைத்துச் சிரிக்கும். கேட்காமல் விட்டால்? போன மாதம்தான் பக்கத்துத் தெருவில் மூன்று பிள்ளைகள் டெங்குவில் கிடந்து எழும்பின. அபூதாஹிர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஹவுளுக்குள் இறங்கி, அடைப்பைத் தானே பிடுங்கினார்.

நஜ்முன் நிஸா போத்தலின் வாயை வலைத்துணியால் கட்டி ஜன்னலில் வைத்துவிட்டு அடுத்த வீடு பார்க்கப் போய்விட்டாள்.

ஜும்ஆவுக்கு வந்தவர்கள் வாளித் தண்ணீருக்கு வரிசையில் நின்று முணுமுணுத்தார்கள். "மகள் சொன்னாவாம், தலைவர் இறைச்சாராம்" என்று றம்ஸான் ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தார். குத்பாப் பிரசங்கம் நடக்கும்போதும் அபூதாஹிருக்கு நினைப்பெல்லாம் போத்தலில்தான். அதற்காக அல்லாஹ்விடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

தொழுது முடித்து வெளியே வந்தால், ஜன்னலடியில் கூட்டம். வலைத்துணியில் ஏழெட்டு நுளம்புகள் ஒட்டிக்கொண்டிருந்தன. தண்ணீரில் இன்னொன்று, முதுகு வெடித்த கூட்டின் மேலேயே நின்று, வெள்ளை வரி போட்ட காலை நிமிர்த்திக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்த றம்ஸான் வலைத்துணியின் முடிச்சை இன்னும் இறுக்கிக் கட்டினார்.

"இதை ஆரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டார் கந்தளாயிலிருந்து வந்திருந்த ஒருவர்.

அபூதாஹிருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"என்ட மகள்" என்றார், வாசல் வரைக்கும் கேட்க. "வீடு வீடாப் போய் நுளம்புப் புழு பிடிக்கிறவ."