வலிக்காத நோய்க்கு மாத்திரை

சுனில்டாவுக்கு வலி என்று எதுவும் இல்லை. வலித்திருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டாள்.

ஐந்தாம் மாதச் சோதனைக்குப் போனபோது, சிறுநீரைப் பரிசோதித்த டாக்டரம்மா அயாலா, கிருமி இருப்பதுபோலத் தெரிகிறது என்று ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பெண் கதவருகே வந்து நின்றுவிட்டாள். வெளியே வரிசை மாமரம் வரைக்கும் நீண்டிருந்தது. சுனில்டா கேட்க நினைத்ததைக் கேட்காமலேயே எழுந்து வந்துவிட்டாள்.

அன்று மாலை ஒரு மாத்திரை, படுக்கும்முன் ஒன்று என்று விழுங்கினாள். மறுநாள் காலையில் ஞா டெல்ஃபினா தலைக்குச் சாயம் போட வந்தாள்; வயதில் மூத்த பெண்களை இங்கே மரியாதையாக 'ஞா' என்று அழைப்போம். பராகுவே ஆற்றை ஒட்டிய எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்கு சுனில்டாதான் முடி வெட்டுவாள். வீட்டின் முன்னறைதான் கடை. சாயம் ஏறும்வரை பனிக்கட்டி போட்ட தெரெரே என்ற இலைச்சாற்றுப் பானத்தை உறிஞ்சிக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். ஞா டெல்ஃபினாவின் கண், கண்ணாடி அருகே கிடந்த மாத்திரை அட்டையில் விழுந்தது.

"என்னடி இது, ஆன்டிபயாடிக்கா?"

"யூரின்ல கிருமியாம்."

"எரியுதா?"

"இல்லியே."

"காய்ச்சல்?"

"அதுவும் இல்ல."

"அப்புறம் எதுக்கு? என் தங்கச்சி மாசமா இருந்தப்ப இப்படித்தான் எதையோ முழுங்கினா. அவ பொண்ணு சிரிச்சா பல்லெல்லாம் மக்காச்சோளம் மாதிரி மஞ்சளா இருக்கும்."

"இந்தச் சாய நாத்தத்த நாள் முழுக்க மோந்துட்டிருக்கேன். அதப்பத்தி மட்டும் யாரும் வாயத் தொறக்க மாட்டேங்குறீங்க."

"அத மூக்குதானே குடிக்குது? இத வயிறுல்ல குடிக்குது!" என்றாள் ஞா டெல்ஃபினா. சொன்னதை அத்தோடு மறந்தும்விட்டாள். தலையை அலசிக்கொண்டு, அழகாயிட்டேனா என்று கேட்டுச் சிரித்துவிட்டுக் கிளம்பினாள்.

சுனில்டாவால் மறக்க முடியவில்லை. அடுத்த வேளை மாத்திரையைக் கையில் எடுத்தவள் திரும்ப அட்டைக்குள்ளேயே செருகினாள். அதற்கடுத்த வேளையும் சாப்பிடவில்லை. விழுங்கியது குழந்தையை என்ன செய்ததோ என்று ஒரு பயம். விழுங்காமல் விட்டதால் உள்ளே என்ன வளர்கிறதோ என்று இன்னொரு பயம். குழந்தை உதைத்தால் வலியில் உதைக்கிறதோ என்று தோன்றியது. அசையாமல் கிடந்தால் அதைவிட மோசமாகத் தோன்றியது.

அவள் கணவன் எலாடியோ படகுத்துறையில் மோட்டார் பழுது பார்ப்பவன். மாலையில் வந்து கை கழுவும்போது அட்டையைப் பார்த்துவிட்டான்.

"நேத்து இருந்த மாதிரியே இருக்கே. சாப்பிடலியா?"

"எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலியே."

"மோட்டார் கூட அப்படித்தான். சத்தம் வர்ற வரைக்கும் நல்லாத்தான் ஓடும்..."

"நான் மோட்டார் இல்ல, எலாடியோ."

அவள் முகத்தைப் பார்த்த எலாடியோ துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். "சரி, சொல்லு. என்ன பயம் உனக்கு?"

எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. "இதுக்கு எனக்கும் பதில் தெரியாது. காலையில போய்க் கேப்போம். நானும் வரேன்" என்றான்.

மறுநாள் வரிசையில் காத்திருந்து உள்ளே போனார்கள். ஞா டெல்ஃபினா பல்லைப் பற்றிச் சொன்னதையும், மாத்திரையை நிறுத்திவிட்டதையும் சுனில்டா மறைக்கவில்லை. திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள். டாக்டர் அயாலா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எரியலன்னாலும் கிருமி இருக்கலாம், சுனில்டா. மத்தவங்களுக்குன்னா மருந்து குடுக்காமலே விட்டுடலாம். மாசமா இருக்குறப்ப அது சத்தமில்லாம சிறுநீரகத்துக்கு ஏறிடும். ஏறினா காய்ச்சல், ஆஸ்பத்திரி, குழந்தை முன்னாடியே பொறந்துடுமோன்னு பயம்."

"எனக்கு இருக்குறது நிச்சயமா கிருமிதானா?"

"நிச்சயமாச் சொல்ல முடியாது. சிறுநீர லேப்ல வச்சு கிருமி வளருதான்னு பாக்குற கல்ச்சர் பண்ணினாத்தான் தெரியும். மருந்து ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே அனுப்பியிருக்கணும். கூட்டத்துல நான் விட்டுட்டேன்."

"அப்ப, இந்த மாத்திரை தேவையே இல்லாமலும் இருக்கலாம்?"

"இருக்கலாம்."

எலாடியோ நிமிர்ந்து பார்த்தான். டாக்டர் தொடர்ந்தார்: "தேவையில்லாம குடுக்குறது, தேவைப்படுறப்ப குடுக்காம விடுறது, இந்த ரெண்டு தப்புல எது சின்னதுன்னு பாத்துத்தான் எழுதினேன். பல்லை மஞ்சளாக்குறது வேற மருந்து, அத மாசமா இருக்குறவங்களுக்கு நாங்க குடுக்குறதில்ல. இது ரொம்ப வருஷமா குடுத்துப் பழகினது. நீங்க முழுங்கினதால குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதான் நான் நம்புறேன்."

சிறுநீரைச் சுத்தமாக எப்படிப் பிடிப்பது என்று சொல்லி, மாதிரிக்குப் புதுக் குப்பி கொடுத்தார். இரண்டு மாத்திரை ஏற்கெனவே உள்ளே போயிருப்பதால் பதில் தெளிவாக வராமலும் போகலாம், அதனால் மருந்தை விடாமல் முடித்துவிடுங்கள் என்றார். பிறகு வயிற்றில் கருவியை வைத்து இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார். எலாடியோ, படகுத்துறையில் மோட்டார் ஓசையைக் காது கொடுத்துக் கேட்பதுபோல, தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டான்.

அட்டை காலியாகும்வரை சுனில்டா நேரம் தவறாமல் சாப்பிட்டாள். வயிறு கொஞ்சம் இளகியது, வேறொன்றும் இல்லை. கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. கிருமி இருந்து மாத்திரையில் செத்ததா, முதலிலிருந்தே இல்லையா என்பதை அந்தத் தாளால் சொல்ல முடியவில்லை. அது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

தெரியாமலேயே அவள் நிம்மதியாக இருந்தாள். அதுதான் எனக்கு ஆச்சரியம். கேட்டால், "அந்தம்மா தெரியாதத தெரியாதுன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் அவங்க சொன்ன மத்ததெல்லாம் நம்ப முடிஞ்சுது" என்றாள்.

குளிர்காலத்தில், குளிர்ந்த தெற்குக் காற்றில் ஆற்றுநீர் சுருக்கம் விழுந்து கிடந்த ஒரு காலையில் பெண் குழந்தை பிறந்தது. நாள் நிறைந்து, நல்ல எடையோடு. அனாஹி என்று பெயர் வைத்தார்கள். நான் பார்க்கப் போனபோது, போர்வைக்குள்ளிருந்து வீடே அதிர அழுதுகொண்டிருந்தாள்.